பங்குனி ஆமையும் பங்கு மக்களும்

(யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)



திருப்பலி முடிந்து காலைச் சிற்றுண்டியை நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்களை இங்கே உட்கார வைத்திருக்கிறேன். சுருக்கமாகப் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்த குருக்கள் எவரும் அதைக் காப்பாற்றியதாக நான் கண்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பங்கின் யூபிலி நிகழ்ச்சிகளில் ஒன்றாக, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், பெசன்ட் நகர் கடற்கரை மணலில் சிலுவைப்பாதை நடத்துவதென்று பங்குப் பேரவையில் தீர்மானித்திருந்தோம். மணலில் 14 நிலைகள். நிலைக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு பெரிய விளக்கு. ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பாடற்குழுவுக்கு மேடை. பந்தல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. இந்த யோசனைக்கு முதலில் தலையாட்டியவன் நானே. இன்னும் உண்மையைச் சொன்னால், விளக்குகளை வண்ண விளக்குகளாகப் போடலாமே என்று சொன்னவனும் நானே.

அதை நானே நிறுத்திவிட்டேன். அன்று முதல் பங்கில் பேச்சு. "ஃபாதர் ஆமைக்காக ஆண்டவருடைய பாடுகளையே நிறுத்திவிட்டாராம்" என்று ஒருவர் சொன்னதாக என் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன். கோயிலில் பிரசங்கமாகச் சொன்னால் நீங்கள் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. ஆகவேதான் மன்றத்துக்கு அழைத்தேன்.

நங்கநல்லூரில் இருப்பவர்களுக்குக் கடல் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமக்கு விமானச் சத்தம் உண்டு, அலைச் சத்தம் கிடையாது. ஆனால் நம் ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் ரயிலேறும் பழவந்தாங்கலில் உள்ள "தாங்கல்" என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். பறவைகளுக்குப் பேர்போன வேடந்தாங்கலிலும் அதே தாங்கல்தான். நம் பகுதியில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஆதம்பாக்கம் பக்கம் போய், வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டு முகத்துவாரம், கடல். 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று அறிவிக்கப்பட்டதே பள்ளிக்கரணை, அதற்குத் தண்ணீர் அனுப்புகிற ஊர்களில் நம்முடையதும் ஒன்று. நாம் வாசலில் எறிகிற பிளாஸ்டிக் பையும் அதே வழியில்தான் பயணம் போகிறது. டிக்கெட் வாங்காத பயணி அது.

மறுபுறம் பரங்கிமலை. மலையுச்சியில் நின்றால் கிழக்கே கடல் தெரியும் என்பதைச் சிறுவயதில் ஏறியவர்கள் அறிவீர்கள். இப்போது கட்டடங்கள் நடுவே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1802-ல் கர்னல் லாம்டன் இந்தியாவையே அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டை இந்த மலையடிவாரத்தில்தான் அளந்தார். புனித தோமையார் கி.பி. 52-ல் கடல்வழியாக இந்நாட்டுக்கு வந்து, 72-ல் இம்மலையில் வேதசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. மயிலைக் கடற்கரையில் அவரது கல்லறை, அடையாற்றங்கரையில் சின்னமலை, இங்கே பெரியமலை. நம் விசுவாசத்தின் வரலாறு கடலில் தொடங்கி ஆற்றோரமாக நடந்து நம் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தது.

மலைக்கும் மயிலைக்கும் நடுவே ஆறு குறுக்கிட்டதால் யாத்திரிகர்கள் பட்ட துன்பத்தைக் கண்ட அர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான், 1726-ல் சைதாப்பேட்டையில் ஒரு பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர். மலைக்கு ஏறும் 160 படிகளையும் அமைத்தவர் அவரே. இன்று அவ்விடத்தில் புதிய பாலம் மறைமலை அடிகள் பெயரில் இருக்கிறது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. பேருந்தில் போகும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. படிகளைப் பற்றி மறுபடியும் பேசுவேன், நினைவில் வையுங்கள்.

லஸ் கோயிலின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1516-ல் கட்டப்பட்ட ஆலயம். மயிலாப்பூர்க்காரர்கள் அதைக் காட்டுக்கோயில் என்பார்கள். திக்குத் தெரியாமல் கடலில் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தென்பட்டதாம். அதைப் பின்பற்றிக் கரையேறி நடந்தார்களாம். ஒளி மறைந்த இடத்தில் தேவ அன்னைக்கு ஆலயம் எழுப்பினார்களாம். லஸ் என்ற போர்த்துக்கீசியச் சொல்லுக்கு ஒளி என்றே பொருள். இந்தக் கதையை எத்தனையோ முறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். கரையில் தெரிகிற வெளிச்சம் எப்போதும் நல்லதுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

பெசன்ட் நகருக்கு வருவோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 தேவ அன்னையின் பிறந்தநாள் வரை நம்மில் எத்தனை பேர் காவி உடுத்தி, கிண்டி, அடையாறு வழியாக அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்குக் கால்நடையாகப் போகிறோம்! போய்ச் சேர்ந்ததும் மெழுகுவர்த்தி, செபம், சுண்டல், கடலில் கால் நனைத்தல், திரும்பப் பேருந்து. பல ஆண்டுகள் போய்வந்த நான், அந்த மணலில் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அந்த ஆலயம் எழுந்தது 1972-ல். பெசன்ட் நகர் என்ற குடியிருப்பும் ஏறக்குறைய அந்தக் காலத்ததே. அதற்கு முன்பே, 1882-ல், பிரம்மஞான சபையார் அடையாற்றின் தென்கரையில் தோட்டம் வாங்கிக் குடியேறினார்கள். அவர்களில் ஆல்காட், அன்னி பெசன்ட் இருவர் பெயரும் ஊருக்கு நிலைத்துவிட்டன. அவர்கள் வருமுன்பே அங்கே மீனவர் வாழ்ந்திருக்கிறார்கள். ஊரூர் குப்பம் என்பது அந்தப் பழைய ஊர். பக்கத்தில் ஆல்காட் குப்பம். நம் ஆலயத்துக்கு வழி கேட்டால் பெசன்ட் நகர் என்கிறோம். ஊரூர் என்று யாரும் சொல்வதில்லை. வந்து குடியேறியவர் பெயர் தெருப் பலகையில் இருக்கிறது, இருந்தவர் பெயர் குப்பத்தோடு நின்றுவிட்டது.

எலியட்ஸ் கடற்கரை என்ற பெயரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியுடையதே. அங்கே மணலில் வெள்ளை வளைவோடு நிற்கிற நினைவுச் சின்னத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் நிழலில் உட்கார்ந்து மாங்காய் பத்தை தின்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அது ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவாக எழுப்பப்பட்டது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றப் போய்த் தாம் இறந்தவர். நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். அவர் காப்பாற்றியது நண்பனைக்கூட அல்ல.

இனி, நான் மனம் மாறிய கதை.

கடலாமைகளைக் காக்க ஒரு மாணவர் அமைப்பு 1988 முதல் இந்தக் கரையில் வேலை செய்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு தோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல மணலில் நடந்து, ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. கிண்டிப் பாம்புப் பண்ணையை ஏற்படுத்திய ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் தோழர்களும் 1970-களிலேயே இந்த நடையைத் தொடங்கிவிட்டார்கள். வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். நம் இளைஞர் இயக்கத்தினர் எட்டுப் பேர், "ஃபாதர், சிலுவைப்பாதைக்கு இடம் பார்த்த மாதிரியும் இருக்கும், ஆமை பார்த்த மாதிரியும் இருக்கும், வாங்க" என்று அழைத்தார்கள். அங்கியைக் கழற்றிவிட்டு, பழைய காற்சட்டையொன்றை மாட்டிக்கொண்டு போனேன்.

டார்ச் விளக்கு அடிக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவனுக்கு ஈர மணலில் நள்ளிரவு நடை எளிதன்று. கொட்டிவாக்கம் தாண்டுவதற்குள் எனக்கு முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. அப்போது முன்னால் போன பையன் கை காட்டினான். கடலிலிருந்து மேல் மணல்வரை, சிறு டிராக்டர் ஏறிப்போனதுபோல ஒரு தடம். அதன் முடிவில் அவள் இருந்தாள்.

இரண்டடி நீளம், நாற்பது கிலோ எடை இருக்கும் என்றார்கள். பங்குனி ஆமை என்று மீனவர் பெயரிட்டிருக்கிறார்கள். பங்குனியை ஒட்டிய மாதங்களில் கரையேறுவதால் அந்தப் பெயர். பின்னங்கால்களை அகப்பைபோல் வளைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக மணலை அள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம்போல ஒரு குழி. கண்ணால் பார்க்காமலே தோண்டுகிறாள். பிறகு பிங்பாங் பந்துபோல வெள்ளை முட்டைகள், இரண்டு மூன்றாக விழுகின்றன. நூற்றுக்கு மேல் இருக்கும். முடிந்ததும் மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பையே இப்படியும் அப்படியும் சாய்த்துத் தட்டித் தட்டி இறுக்குகிறாள். கண்ணில் நீர் வடிந்தது. உடம்பில் சேரும் உப்பை அவை கண்வழியே கழிக்கின்றன என்று ஒரு மாணவி விளக்கினாள். எங்களில் ஒரு பிள்ளை மெதுவாக, "அழுவுது ஃபாதர்" என்றாள். நான் விளக்கத்தைத் திருப்பிச் சொல்லவில்லை.

பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டாள். முட்டைகளை வெயிலின் சூடுதான் பொரிக்கிறது. நாற்பத்தைந்து நாள் முதல் இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பெண் குஞ்சு வளர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின், எத்தனையோ ஆயிரம் மைல் சுற்றிவிட்டு, தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வருகிறது. ஆயிரம் குஞ்சில் ஒன்று தப்பிப் பெரிதானால் அதுவே அதிகம் என்கிறார்கள். குருமடத்தில் எங்களுக்குத் தத்துவம் கற்பித்தார்கள், லத்தீன் கற்பித்தார்கள், திருச்சபைச் சட்டம் கற்பித்தார்கள். இதைக் கற்பிக்கவில்லை.

திருவான்மியூரைத் தாண்டியதும்தான் நான் சொல்ல வந்த காட்சி. யார் கண்ணிலும் படாமல் போன ஒரு கூட்டிலிருந்து குஞ்சுகள் அன்றிரவே வெளிவந்திருந்தன. மணலில் தையல் இயந்திரம் ஓட்டியதுபோலச் சின்னச் சின்னத் தடங்கள். ஆனால் அவை கடல் பக்கம் போகவில்லை. சாலைப் பக்கம் போயிருந்தன. அங்கே உயர்ந்த கம்பத்தில் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். இருட்டில் வெளிவரும் குஞ்சு, எந்தப் பக்கம் அடிவானம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். மனிதன் விளக்கேற்றாத காலத்தில் நிலாவும் விண்மீனும் நீரில் பட்டுக் கடல்தான் கரையைவிட வெளிச்சமாக இருந்தது. ஆகவே அந்த அறிவு அதைக் கடலில் கொண்டு சேர்த்தது. இன்று நம் விளக்கு அதே அறிவைக் கொண்டே அதைக் கொல்கிறது. உள்ளங்கையில் மூன்றை வைக்கலாம், அவ்வளவு சிறியது. தவறான பக்கம் ஓடி, களைத்து, விடியும்போது நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது. அல்லது வெயிலில் காய்கிறது. அன்றிரவு மாணவர்கள் கம்பத்தடியிலும் சாலையோரத்திலும் தேடிக் கூடையில் சேர்த்தார்கள். நாங்களும் முழங்காலிட்டுத் தேடினோம். சில கிடைக்கும்போதே அசையவில்லை. மீதியை அலைக்குச் சற்று முன்பாக இருண்ட மணலில் விட்டு, அவை தாமே நடந்து போகட்டும் என்று நின்றோம்.

அப்போது கணக்குப் போட்டேன். ஒரே ஒரு கம்பம் இந்தக் காரியத்தைச் செய்தது. நான் பங்குனி மாதத்தில் 14 கம்பங்கள் நடச் சொல்லியிருக்கிறேன். அதுவும் வண்ண விளக்கு.

விடியும் நேரத்தில் குப்பத்தருகே வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் குரு என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். "எங்க தாத்தா காலத்துல இந்தக் கரையில ஒரு வெளக்கு கெடையாது சாமி. தூரத்துல வெளக்கு தெரிஞ்சா அது கப்பல். இப்போ கடல்லேர்ந்து பாத்தா கரையே பத்திக்கிட்டு எரியற மாதிரி இருக்கு" என்றார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி பற்றிக் கேட்டேன். சிரித்தார். "ஆமை எங்க சாமி வீட்டுக்குள்ள வருது? நம்மதான் அது வீட்டுக்குள்ள பூந்துட்டோம்" என்றார். இறையியல் படித்த எனக்கு அதற்கு மேல் பதில் தோன்றவில்லை.

மீனவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ஆமை செத்தால் முதலில் பழி அவர்கள் தலையில் விழுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆமை மீனைப்போல் நீரில் மூச்சுவிடுவதில்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுக்க வேண்டும். இழுவைப் படகின் பெரிய மடிவலைக்குள் அகப்பட்டு மணிக்கணக்கில் இழுபட்டால் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்று விதி இருக்கிறது. வலைக்குள் கம்பித் தடுப்பொன்றை வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போய்விடும். அந்தச் சாதனமும் இருக்கிறது. இருப்பவை பயன்படுவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது, ஆமையோ ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. குப்பத்துக்காரரின் சிறு பைபர் படகு வலையிலும் ஆமை சிக்குவதுண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வலையைக் கைப்பட இழுக்கிறவர். உயிரோடிருந்தால் விடுவிக்க அவரால் முடியும். கரைக்கருகே இழுவைப் படகு வந்தால் ஆமையோடு அவருடைய மீனும் போகிறது, வலையும் கிழிகிறது.

இன்னொன்று. படகு நிறுத்துகிற மணல், வலை காயப்போடுகிற மணல், மீன் விற்கிற ஓரம் ஆகிய யாவும் பட்டா இல்லாத பொது இடம். புறம்போக்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற சொல்லுக்குள் அவர்களுடைய தொழிற்சாலை முழுதும் இருக்கிறது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதென்று கட்டுமரங்களை அகற்ற முற்பட்டபோது கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர்கள் போயின. 2023-லும் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன் கடைகளை அகற்றியபோது பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நம் ஆண்டவர் முதன்முதல் அழைத்தவர்களில் இருவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கலிலேயாக் கடலோரத்தில் வலை பழுது பார்க்க இடம் இருந்தது. நல்ல காலம்!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று நான் இளங்குரு. வேளாங்கண்ணிக்குத் திருநாளுக்குப் போன யாத்திரிகர்கள் எத்தனை பேர் அந்தக் கரையில் மடிந்தார்கள்! இங்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கம் அலை புகுந்தது. உணவுப் பொட்டலம் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். சாந்தோமில் தோமையார் நட்ட மரக்கம்பத்தைத் தாண்டிக் கடல் வரவில்லை என்று அப்போது மிகவும் பேசப்பட்டது. ஆலயம் தப்பியதற்கு நன்றி கூறுகிறேன். ஆனால் கம்பத்துக்கு இந்தப்பக்கம் இருந்தவர்களைக் காத்த கடவுள் அந்தப்பக்கம் இருந்தவர்களை மறந்தார் என்ற பொருள் வரும்படி அந்தக் கதையைச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. நீங்கள் சொன்னால் தடுக்கவும் மாட்டேன்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் தம் பெற்றோரை அடக்கம் செய்திருக்கும் கிபிள் தீவுக் கல்லறை அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டியதுதான். அடுத்த முறை மலர் வைக்கப் போகும்போது நீர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். குளிர்காலத்தில் உள்ளானும் ஆலாவும் கடற்காகமும் வெகு தூரத்திலிருந்து வந்து அந்தச் சேற்றில் இரை பொறுக்கும். மடவையும் நண்டும் இறாலும் குஞ்சாக வளரும் இடம் அது. கடல் நீரோட்டம் நம் கரையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. துறைமுகம் கட்டியதும் அந்த மணல் தெற்கே தடுத்து நின்றதால்தான் மெரினா இவ்வளவு அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அதே மணல் கோடையில் அடையாற்று வாயையும் அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து உடைக்கும். கரை விட்டுக் கரை போக மீனவருக்காக 1967-ல் கட்டிய பாலத்தை 1977-ல் ஆறு உடைத்துப் போட்டது, இன்னும் உடைந்தபடியே நிற்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்து உறவினரை நம் வீடுகளில் வைத்திருந்தோம். மழை இல்லாத மாதங்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் நம் சாக்கடைதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட "லௌதாத்தோ சி" சுற்றுமடலில் நம் பொதுவான இல்லத்தைப் பற்றி எழுதினார். நான் அதைப் படித்து, குறிப்பெடுத்து, மறையுரையும் ஆற்றி, பிறகு வண்ண விளக்குக்கு முன்பணம் கொடுத்தவன். படிப்பு வேறு, ஏழு கிலோமீட்டர் நடப்பது வேறு.

இனி முடிவுகள். பங்குப் பேரவையிலும் நேற்று பேசிவிட்டோம்.

சிலுவைப்பாதை நிற்கவில்லை. குறித்த அதே வெள்ளிக்கிழமை இரவு, நமக்கு அருகிலேயே இருக்கும் பரங்கிமலையில் நடக்கும். உஸ்கான் அமைத்த படிகளின் ஓரமாக 14 நிலைகளும் ஏற்கெனவே நிற்கின்றன. நாம் ஒன்றையும் நட வேண்டாம். மாலை ஆறரைக்கு அடிவாரத்தில் கூடுவோம். கையில் மெழுகுவர்த்தி போதும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வாகனப் பாதையில் மேலே வந்து கடைசி நிலைகளில் சேர்ந்துகொள்ளலாம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறேன்.

கடற்கரை யாத்திரை மறுநாள் சனிக்கிழமை, விடிந்தபின். ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் வண்டி நிற்கும். ஒலிபெருக்கி கிடையாது, பாடற்குழு தொண்டையால் பாடட்டும். பொரிப்பகத்தில் குஞ்சுகள் விடுவதாக இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குஞ்சு எப்போது வரும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஆகவே பார்க்க முடியாமல் போனால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். காய்கிற வலைமேல் யாரும் நடக்கக் கூடாது. அடும்புக் கொடியைப் பிடுங்கக் கூடாது, அது மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரை வீட்டிலிருந்து பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும். மீன் வாங்குகிறவர்கள் குப்பத்துப் பெண்களிடம் வாங்குங்கள். பேரம் பேசுவது உங்கள் பிறப்புரிமை, நான் தலையிடவில்லை, ஆனால் குரு பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடைப்பயணத்துக்கும் இதே ஒழுங்குதான்.

முன்பணம் என்னவாயிற்று என்று பொருளாளர் உட்பட நால்வர் கேட்டார்கள். பந்தல்காரர் நல்ல மனிதர். யூபிலி நிறைவுத் திருப்பலிப் பந்தலுக்கு அதைக் கழித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். வண்ண விளக்கு வேண்டுமென்றால் அன்று நம் கோயில் வளாகத்தில் போட்டுக்கொள்ளலாம், இங்கே ஆமை கிடையாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சிற்றுண்டி ஆறிக்கொண்டிருக்கிறது என்று சகோதரிகள் சைகை காட்டுகிறார்கள்.